தீபாவளிப் பெட்டி

பேரனுக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் முடியிறக்க வேண்டும் என்று நம் வீட்டில் மூன்று வருஷ காலமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்க, பையனுடைய தலைமயிரும் வளர்ந்துகொண்டிருந்தது. ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள், "பெண் குழந்தைக்கு ஏன் பூ வைக்கவில்லை?" என்று விசாரிக்கும் நிலைமை ஏற்பட்ட பிறகுதான் காரியம் கைகூடிற்று. சென்ற ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையை உத்தேசித்து, முதல் நாளே மூட்டை முடிச்சுக்களுடன் சாத்தூரில் போய் இறங்கினோம்.

சாத்தூர் என்றால் மற்றவர்களுக்குச் சேவு ஞாபகம் வரும். நம்மைப் போன்ற பேனாக்காரர்களுக்கு நிப்பு ஞாபகம் வரும். ஒரு காலத்தில் தேசமெங்கும் பள்ளிப் பிள்ளைகளும் குமாஸ்தாக்களும் எழுதிய பேனா நிப்புக்கள் இந்த ஊரிலே தயாராயின. சேவு இன்றும் மொறுமொறுப்பாய்த்தான் இருக்கிறது. நிப்புத் தொழில்தான் நசிந்துவிட்டது. எழுதுகிறவர்களின் கூர்மையும் அதனுடன் கொஞ்சம் மழுங்கிப் போயிற்றோ என்னும் சந்தேகம் நமக்குண்டு. அந்தச் சந்தேகம் அந்தப் பிரயாணத்திலேயே ருசுவாகப் போகிறது என்று அப்போது நாம் நினைக்கவில்லை.

சாத்தூருக்குக் கிழக்கே அருச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையே இருக்கன்குடி இருக்கிறது. இரு கங்கைக்குடி என்பதே அவ்வாறு மருவிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். கங்கைகள் இரண்டு இருந்தபோதிலும், நாம் போன அன்று மணலைத்தான் கண்டோம். தண்ணீருக்குப் பதிலாக ஜனங்கள்தான் கரை புரண்டு ஓடினார்கள். அக்கினிச் சட்டி ஏந்தியவர்கள், ஆயிரங்கண் பானை சுமந்தவர்கள், பொங்கல் வைக்க விறகு தேடுகிறவர்கள், காணாமற்போன குழந்தையைத் தேடுகிறவர்கள், கிடைத்த குழந்தையை அடிக்கிறவர்கள் என்று ஆற்றுப் படுகை முழுவதும் ஒரே திருக்கூட்டம்.

கண் நோய் கண்டவர்கள் இந்த அம்மனுக்கு விசேஷமாக நேர்ந்துகொள்வார்கள். குணமானதும் வெள்ளியிலே கண்மலர் வாங்கிச் சாத்துவார்கள். கண் நோய்க்காரர்கள் மட்டுமல்ல, வழக்குக்காரர்களும் இங்கே வருகிறார்கள். கொடுத்த கடனைத் திரும்பப் பெறாதவர்கள், வரப்பைப் பறிகொடுத்தவர்கள், ஊர்ப் பஞ்சாயத்திலே நியாயம் கிடைக்காதவர்கள் எல்லாரும் சந்நிதியில் நின்று முறையிடுகிறார்கள். இதில் ஆச்சரியம் என்ன? அம்மனுக்கு மேலதிகாரி கிடையாது. அவளுக்கு மாற்றல் உத்தரவு அனுப்புவாரும் கிடையாது.

ஆற்றங்கரை வேப்ப மரத்தடியில் ஓர் அம்மாள் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயசு இருக்கும். மொட்டையடித்துக்கொண்ட நம் பேரன் தலையைத் தடவித் தடவிப் பார்த்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் ஒரு கருப்பட்டித் துண்டை அவன் கையில் கொடுத்தாள். அழுகை நின்றது. நாம் நன்றி சொன்னோம். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது.

அவளுக்கும் பேத்தி ஒருத்தி இருந்தாள். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ அம்மா எங்கே?" என்று நாம் அசந்தர்ப்பமாகக் கேட்டுவிட்டோம்.

"பட்டாசு ஆபீசுக்குப் போனா ஐயா. திரும்பி வரலை."

அந்தச் சீமையில் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். நாற்காலியும் மின்விசிறியும் உள்ள ஆபீஸ் அல்ல. மருந்தும் திரியும் உள்ள ஆபீஸ். 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிபட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சன்குளத்தில் ஒரு விபத்து. பத்திரிகைகளில் இடம் பெற்ற பெரிய விபத்துக்கள் இவை. ஒருவர் இருவராகப் போனவர்களின் கணக்கு அந்தந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் இருக்கிறது. இந்த அம்மாளின் மகளும் அப்படி ஒரு சிறிய விபத்தில் போனவள்தான்.

"நாலு பேரு இருக்க வேண்டிய ரூமிலே பதினோரு பேரு உக்காந்திருக்காக. லைசென்சு ஒருத்தர் பேரிலே. உள்குத்தகைக்கு எடுத்து நடத்துனது இன்னொருத்தர். கேசிலே போர்மேன் பேரு மட்டுந்தான் இருக்கு. குத்தகைக்கு விட்டவுக பேரும் காணோம், எடுத்தவுக பேரும் காணோம்" என்றாள்.

"விசாரிக்கிற அதிகாரியிடம் சொன்னீர்களா, அம்மா?"

"அவரு நல்ல மனுசன்தான் ஐயா. உக்காருன்னு சொல்லித் தண்ணி குடுத்தாரு. ஆனா தீவாளிக்கு அவரு வீட்டுக்குப் பட்டாசுப் பெட்டி எங்கேயிருந்து போகுதுன்னு ஊருக்கே தெரியும். அதான், சி.பி.ஐ. வரணும்னு மனு எழுதிப் போட்டிருக்கோம்."

"சி.பி.ஐ. என்றால் யார் என்று தெரியுமா?"

"தெரியாம என்ன? டில்லிக்காரவுக. இந்த ஊரிலே யாருக்கும் சொந்தம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏன் ஐயா, அவுகளுக்கு யாரும் தீவாளிப் பெட்டி குடுக்க மாட்டாகதானே?"

நேயர்களே, நாம் எத்தனையோ பிரசங்கிகளின் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறோம். இந்தக் கேள்விக்கு நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. இரண்டு காரணங்கள். முதற் காரணம், அதற்கு உண்மையான பதில் என்ன என்பது நமக்குத் தெரியும். இரண்டாவது காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. சிவகாசியில் ஆலை நடத்தும் நம் பால்ய சிநேகிதர் ஒருவர் வருஷந்தோறும் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாக நம் வீட்டுக்கும் ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறார். பதினைந்து வருஷமாக அனுப்புகிறார். பதிலுக்கு அவர் நம்மிடம் எதுவும் கேட்டதில்லை. நாமும் அந்தப் பதினைந்து வருஷத்தில் பட்டாசு ஆலை விபத்துக்களைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

முதற் காரணத்தை முதலில் சொல்லுகிறோம்.

சி.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறையின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, யுத்த தளவாடக் கொள்முதலில் லஞ்சம் தலைவிரித்து ஆடியது. அதை விசாரிக்க 1941-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு விசேஷப் போலீஸ் படையை அமைத்தது. 1946-ல் அதற்காக டில்லி விசேஷப் போலீஸ் சட்டம் பிறந்தது. 1963 ஏப்ரல் 1-ஆம் தேதி, சுதந்திர இந்திய சர்க்காரின் உள்துறை ஒரு தீர்மானத்தின் மூலம் சி.பி.ஐ.யை ஸ்தாபித்தது. அன்றைய தினம் நமது மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் விருதுநகரில் பிறந்த காமராஜர். அவரைச் சட்டசபைக்கு அனுப்பி வைத்த தொகுதி இதே சாத்தூர். அந்தச் சமயத்தில் லஞ்ச ஒழிப்புக்கு வழி கூறுவதற்கென்று நியமிக்கப்பட்டிருந்த கமிட்டிக்குத் தலைவர் கே. சந்தானம். அவரும் தமிழர், தேச விடுதலைக்குச் சிறை சென்றவர். அவருடைய கமிட்டியின் யோசனைப்படியே 1964-ல் மத்திய கண்காணிப்பு ஆணையம் ஏற்பட்டது. உழைப்பு, நடுநிலைமை, நேர்மை என்னும் மூன்றையும் சி.பி.ஐ. தனது குறிக்கோளாகப் பொறித்துக்கொண்டது.

ஆரம்பம் நன்றாய்த்தான் இருந்தது. ஆனால் வீடு கட்டியவர்கள் அஸ்திவாரத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். சி.பி.ஐ. என்ற பெயரில் ஒரு தனிச் சட்டம் இன்று வரையில் கிடையாது. 1946-ஆம் வருஷத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டே அது காலக்ஷேபம் செய்கிறது. 2013 நவம்பரில் கௌஹாத்தி உயர் நீதிமன்றம், அந்தத் துறை சட்டப்படி ஏற்பட்டதே அல்ல என்று சொல்லிவிட்டது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தேசத்தின் பெரிய மனிதர்களையெல்லாம் கைது செய்யும் ஸ்தாபனம் தன்னுடைய ஜாதகத்தையே காட்டத் திணறிய வேடிக்கை அது.

தனிச் சட்டம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். துறைக்குப் பணம் தருகிறவர் யார்? மத்திய சர்க்கார். அதை நிர்வகிக்கும் இலாகா பிரதம மந்திரியின் பொறுப்பில் உள்ளது. பெரிய உத்தியோகஸ்தர்கள் மாகாணப் போலீஸ்களிலிருந்து சில வருஷத்துக்கு இரவலாக வருகிறவர்கள். திரும்பிப் போவதும், உயர்வு பெறுவதும், ஓய்வுக்குப் பிறகு ஏதாவதொரு நாற்காலியில் அமர்வதும் சர்க்காரின் தயவு. ஆக, டில்லிப் பெட்டியில் மத்தாப்பும் சங்கு சக்கரமும் இருப்பதில்லை. பதவி இருக்கிறது, பதவி நீடிப்பு இருக்கிறது, மாற்றல் உத்தரவு இருக்கிறது. அந்தப் பெட்டியை எவரும் வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை. வரலாம் என்ற நினைவு போதும்.

இதைப் போக்குவதற்கு யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. ஹவாலா வழக்கிலே பெரிய புள்ளிகளின் விஷயம் விசாரணையின்றித் தூங்குவதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 1997 டிசம்பர் 18-ஆம் தேதி ஒரு பிரசித்தமான தீர்ப்பு அளித்தது. துறையின் தலைவருக்குக் குறைந்தது இரண்டு வருஷம் நிலையான பதவிக்காலம் வேண்டும் என்றது. பெரிய அதிகாரிகளை விசாரிக்குமுன் சர்க்காரின் அனுமதி பெற வேண்டும் என்ற உத்தரவையும் ரத்துச் செய்தது. வெட்டிய வாழை மறுபடியும் குருத்து விடுவதைப் போல் அந்த அனுமதி 2003-ல் சட்டமாகவே முளைத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அதையும் வெட்டியது. 2018-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் திருத்தத்தில் வேறு ரூபத்தில் அது தலைகாட்டியது. முன்பு பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் இருந்த நிழல், இப்போது எல்லா ஊழியர்களுக்கும் கிடைத்தது.

2013 மே மாதத்து விவகாரம் நேயர்களுக்கு நினைவிருக்கும். நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கிலே உச்ச நீதிமன்றத்துக்காகத் தயாரித்த விசாரணை அறிக்கை, முதலில் சட்ட மந்திரிக்கும் சில அதிகாரிகளுக்கும் காட்டப்பட்டு, திருத்தமும் செய்யப்பட்டது. இதைத் துறையின் தலைவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நீதிபதி லோதா, சி.பி.ஐ.யைக் கூண்டில் அடைபட்டு எஜமானர் குரலில் பேசும் கிளிக்கு ஒப்பிட்டார். சட்ட மந்திரி ராஜிநாமாச் செய்தார். அது ஒரு கட்சியின் ஆட்சி. 2018 அக்டோபரில் வேறு கட்சியின் ஆட்சி. துறைத் தலைவரும் அவருக்கு அடுத்தவரும் ஒருவர் மீது ஒருவர் லஞ்சக் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். இரவோடு இரவாக இருவரும் விடுமுறையில் அனுப்பப்பட்டார்கள். 2019 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலைவரை மீண்டும் நாற்காலியில் அமர்த்தியது. நாற்காலி சூடேறு முன், 10-ஆம் தேதி, பிரதம மந்திரியைத் தலைவராகக் கொண்ட தேர்வுக் குழு அவரை நீக்கிற்று. எவர் மீது சொன்ன குற்றம் மெய் என்று நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. இரண்டு வருஷம் அசைக்க முடியாது என்று எழுதி வைத்த நாற்காலி ஓரிரவில் அசைந்ததைத்தான் கவனிக்கிறோம்.

2021-ல் இன்னொரு திருத்தம் வந்தது. இரண்டு வருஷம் முடிந்ததும், தேர்வுக் குழுவின் சிபாரிசின் பேரில், வருஷம் ஒன்றாக, ஐந்து வருஷம் வரையில் தலைவரின் பதவியை நீடிக்கலாம் என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஒரேயடியாக ஐந்து வருஷம் கொடுத்திருந்தால் அது பலம். வருஷத்துக்கு ஒன்றாகக் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? இருக்கன்குடி அம்மாளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்: தீவாளிப் பெட்டி.

இவ்வளவும் சர்க்கார்களின் குற்றம். நமது குற்றம் ஒன்று உண்டு. நமக்குப் பிடிக்காதவர் வீட்டுக்குச் சி.பி.ஐ. போனால், 'தர்மம் வென்றது' என்கிறோம். பிடித்தவர் வீட்டுக்குப் போனால், 'பழி வாங்குகிறார்கள்' என்கிறோம். எதிர்க்கட்சியில் இருக்கும்போது, 'மாநிலப் போலீஸ் வேண்டாம், சி.பி.ஐ. வரட்டும்' என்று ஊர்வலம் போகிறவர்கள், ஆளும் கட்சியானதும், 'நம் போலீஸுக்கு என்ன குறை?' என்கிறார்கள். பழைய சட்டத்தின்படி ஒரு மாநிலத்தில் சி.பி.ஐ. விசாரிப்பதற்கு அந்த மாநிலத்தின் சம்மதம் வேண்டும். ஆந்திரம் 2018-ல் பொதுச் சம்மதத்தை வாபஸ் வாங்கியது. 2019-ல் ஆட்சி மாறியதும் திரும்பக் கொடுத்தது. மகாராஷ்டிரம் 2020-ல் வாபஸ் வாங்கி, 2022-ல் ஆட்சி மாறியதும் கொடுத்தது. தமிழ்நாடு 2023 ஜூன் 14-ஆம் தேதி வாபஸ் வாங்கியது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் மட்டும் சம்மதம் தேவையில்லை என்று 2010-ல் தீர்ப்பாகியிருக்கிறது. சம்மதம் ஆட்சியுடன் வருவதையும் போவதையும் பார்க்கும் பாமர ஜனங்கள், குற்றவாளி யார் என்பதும் ஆட்சியைப் பொறுத்த விஷயம்தான் போலும் என்று நினைத்தால் அவர்கள்மீது பிசகு சொல்ல முடியுமா?

மற்றொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டுத் தலைவர்கள் சம்பந்தப்பட்ட அலைக்கற்றை வழக்கில் 2011-ல் கைதுகள் நடந்தபோது தேசம் முழுவதும் அமர்க்களப்பட்டது. 2017 டிசம்பர் 21-ஆம் தேதி விசேஷ நீதிபதி எல்லாரையும் விடுதலை செய்தார். ஏழு வருஷமாகச் சாட்சியத்துக்குக் காத்திருந்தும் வரவில்லை என்று வருந்தினார். சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது. குற்றம் இருந்ததா, இல்லையா என்பது இருக்கட்டும். கைது செய்த நாளில் அடித்த தமுக்கின் ஓசைக்கும், நிரூபிக்க வேண்டிய நாளில் காட்டிய சரக்குக்கும் எவ்வளவு தூரம்!

நிற்க. இதெல்லாம் டில்லிக் கதை. இருக்கன்குடிக்குப் பக்கத்திலேயே சி.பி.ஐ. வந்த கதைகள் மூன்று உண்டு. அவற்றைப் பார்த்தால் அந்த அம்மாளின் நம்பிக்கை முழு மூட நம்பிக்கை அல்ல என்று விளங்கும்.

முதற் கதை சிவகாசியிலேயே நடந்தது. 2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பில், பட்டாசில் பேரியம் உப்புச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை நடக்கிறதா என்று பார்க்க 2020 மார்ச்சில் சென்னையிலுள்ள சி.பி.ஐ. அதிகாரியை ஏவியது. விலக்கப்பட்ட பேரியம் பெருவாரியாக வாங்கப்பட்டிருக்கிறது என்றும், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் பொருத்தமில்லை என்றும் அறிக்கை வந்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மிகவும் கடுமையான விஷயம் என்று கூறி, ஆலைக்காரர்களிடம் விளக்கம் கேட்டது. சிவகாசிப் பட்டாசு லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதற்காகச் சீட்டில் ஒன்றும் பெட்டியில் ஒன்றுமாக இருக்கலாம் என்று எவரும் வாதாட முடியாது.

இரண்டாவது கதை, பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த சாத்தான்குளம். 2020 ஜூன் மாதத்தில் போலீஸ் காவலில் தந்தையும் மகனும் அடிபட்டு மாண்டார்கள். மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை தானாகவே விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு மாஜிஸ்டிரேட் நேரே ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தார். அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் கண்டதைக் கண்டபடி சொன்னார். ஜூலையில் சி.பி.ஐ. வந்தது. செப்டம்பருக்குள் ஒன்பது போலீஸார்மீது கொலைக் குற்றப் பத்திரிகை தாக்கலாயிற்று.

மூன்றாவது கதை தூத்துக்குடியிலேயே. 2018 மே மாதத்தில், தாமிர ஆலைக்கு எதிராகத் திரண்ட ஜனங்கள்மீது போலீஸார் சுட்டதில் பதின்மூவர் மாண்டார்கள். ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் மாநில சர்க்கார் அமைத்த ஆணையம் 2022-ல் அறிக்கை தந்து, பதினேழு போலீஸார்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சி.பி.ஐ. விசாரித்த லட்சணத்தைக் குறித்தோ, 2024 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் வெளிப்படையாகவே தங்கள் அதிருப்தியைத் தெரிவித்தார்கள்.

அதே துறை, அதே மாவட்டம், பலன் மட்டும் வேறு. என்ன காரணம்? சாத்தான்குளத்திலே ஆரம்ப முதல் ஒரு நீதிமன்றம் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் தைரியமாகப் பேசினாள். தூத்துக்குடியிலே காலம் கடந்தது. பார்க்கிறவர்களும் களைத்துப் போனார்கள். ஆகவே சி.பி.ஐ.க்கு விசாரிக்கத் தெரியாது என்று சொல்வது பேதைமை. அதற்கு நன்றாகத் தெரியும். எப்போது விசாரிக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தானாகத் தீர்மானிக்கும் சுதந்திரம்தான் அதற்குச் சித்திக்கவில்லை.

இதற்கு மருந்து நம் ஊர்ப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ராமநாதபுரத்து நிதி மோசடி வழக்கு ஒன்றில், 2021 ஆகஸ்டு 17-ஆம் தேதி, மதுரைக் கிளை நீதிபதிகள் கிருபாகரனும் புகழேந்தியும் கூண்டுக் கிளியைத் திறந்துவிட வேண்டும் என்று கூறினார்கள். சி.பி.ஐ.க்குத் தனிச் சட்டம் வேண்டும், தனி நிதி வேண்டும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் போல் அது பார்லிமெண்டுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். கடல் கடந்து நம்மவர்கள் குடியேறியிருக்கும் சிங்கப்பூரிலே லஞ்ச விசாரணைத் துறை பிரதம மந்திரியின் கீழேதான் இருக்கிறது. ஆனால் 1991-லிருந்து அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. பிரதம மந்திரி விசாரணை வேண்டாம் என்றாலும், ஜனாதிபதியின் இசைவு பெற்றுத் துறைத் தலைவர் மேலே நடத்தலாம். அமெரிக்காவில் மத்தியப் போலீஸ் தலைவருக்குப் பத்து வருஷப் பதவிக்காலம்; ஆயினும் 2017-ல் ஜனாதிபதி ஒரே நாளில் ஒரு தலைவரை நீக்கினார். காலத்தை மட்டும் எழுதி வைத்தால் போதாது. நீக்குகிற கையையும் கட்ட வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

மதுரைத் தீர்ப்புக்கு மூன்று வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி புயான், சி.பி.ஐ. தான் கூண்டுக் கிளி என்ற எண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பதினொரு வருஷமாக ஒரே கிளி, ஒரே கூண்டு. ஆட்சி மாறியது; கூண்டின் சாவி கை மாறியது; கதவு திறக்கவில்லை. வெளியே நின்று 'திற, திற' என்று கத்தியவர்கள் எல்லாருமே, சாவி கைக்கு வந்ததும், கிளி உள்ளே இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், வேப்ப மரத்தடியில் அந்த அம்மாளிடம் நாம் சொன்னது, "கோர்ட்டிலே கேளுங்கள் அம்மா, அவர்கள் உத்தரவு போட்டால் வருவார்கள்" என்பதுதான். அவளுடைய மனுவை வாங்கிப் படித்தோம். தேதியும் சர்வே நம்பரும் விட்டுப்போயிருந்தன. உள்குத்தகை என்ற வார்த்தையே அதில் இல்லை. எழுதிக் கொடுத்தவர் அதை விட்டுவிட்டாராம். அவருக்கும் ஒரு பெட்டி போகும் போலிருக்கிறது. ரயிலுக்கு நேரமிருந்தது. நாமே புதிதாக எழுதிக் கொடுத்தோம். பொங்கல் ஆறுவதற்குள் எழுதி முடித்தாயிற்று. பேத்தி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பாட்டிக்குக் காட்டினாள்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருகிறோம்.

ஐப்பசி பிறந்தது. வழக்கம் போல் சிவகாசியிலிருந்து பெட்டி வந்து சேர்ந்தது. பேரன் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். நாம் அவனை இறக்கிவிட்டு, பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னோம். வீட்டில் ஒரு மணி நேரம் பிரளயம். "பதினைந்து வருஷமாக இல்லாத வைராக்கியம் இப்போது என்ன?" என்று சகதர்மிணி கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. கடையில் போய் நம் காசுக்கு ஒரு சிறு பெட்டி வாங்கி வந்தோம். அந்தக் காசுக்கு இவ்வளவுதானா என்று பேரன் கேட்டான். இலவசமாக வருகிறபோது விலை தெரிவதில்லை.

மறுநாள் சிநேகிதர் டெலிபோனில் கூப்பிட்டார்.

"என்னப்பா, நம்ம மேலே கோபமா?"

"கோபமில்லை. உன் ஆபீஸிலே ரூமுக்கு எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று கேட்க வேண்டும். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கேட்பதற்கு வாய் வரவில்லை" என்றோம்.

டெலிபோனில் வெகு நேரம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தோம். பிறகு அவருடைய குரல் வந்தது.

"வந்து நீயே எண்ணிப் பார்" என்றார்.

நாலுதான் என்று சொல்லியிருந்தால் நாமும் சந்தோஷத்துடன் நம்பியிருப்போம். எண்ணிப் பார் என்று சொல்லிவிட்டபடியால், தை பிறந்ததும் போக வேண்டும். போகிற வழியில் இருக்கன்குடியில் இறங்கி, மனு என்ன ஆயிற்று என்று விசாரிக்க வேண்டும்.